வேலை வைக்காத வண்டி

இடது கால் மறுபடியும் போய்விட்டது. போகக்கூடாது, அங்கே உனக்கு வேலையில்லை என்று வீட்டு கேட்டைத் தாண்டும்போதே அதற்குச் சொல்லித்தான் கூட்டி வந்தாள் அம்சவேணி. ஆனாலும் சுங்கம் ரவுண்டானாவில் முன்னால் போன டவுன் பஸ் லேசாக வேகம் குறைத்ததும், யாரும் கூப்பிடாமலே ஒத்தாசைக்கு ஓடிவரும் பக்கத்து வீட்டுக்காரரைப் போல, அந்தக் கால் கிளட்சை மிதிக்கக் கிளம்பிவிட்டது. கிளட்ச் இருந்தால்தானே. பழைய வண்டியில் அது இருந்த இடத்தில் இந்த வண்டிக்குப் பிரேக்கின் அகலமான ஓரம் வந்து நிற்கிறது. இரும்புக் கதவைத் தள்ளுகிற மாதிரி நாலு வருஷம் தள்ளிப் பழகிய கால் அதே பலத்தோடு பிரேக்கை மிதித்தால் கேட்க வேண்டுமா, வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது, பெல்ட் நெஞ்சைப் பிடித்து இழுத்தது, பக்கத்து சீட்டில் இருந்த கைப்பை குப்புற விழுந்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் எப்படியோ ஒடித்துத் தப்பிப் பக்கவாட்டில் வந்து நின்று குனிந்து பார்த்தார். குனிந்துதான் பார்க்க வேண்டும், வண்டி அவ்வளவு தாழ்வு. உள்ளே மீசை முளைக்காத பந்தயக்காரப் பையன் எவனாவது இருப்பான் என்று திட்டைத் தயாராக வைத்திருந்தவருக்கு நரைத்த தலையும் மூக்குத்தியும் சுங்குடிச் சேலையும் தெரிந்ததும் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு வேறு ஒன்றை எடுத்தார். "ஏனுங்க்கா, நடுரோட்டுல நங்கூரம் போட்டுட்டீங்ளா?" "புது வண்டிங்க. காலுக்கு இன்னும் பழகல." "அப்புடின்னா அந்தக் கால வூட்டுலயே வெச்சுட்டு வந்துருக்கோணுமுங்" என்று சொல்லிவிட்டு அவர் போயே போய்விட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாள், நினைத்ததும் சிரிப்பு போதுமென்று நின்றுகொண்டது, ஆனால் முகத்தை விட்டு முழுசாகப் போகவில்லை. ஓரமாக நிறுத்தி இடது கால் செருப்பை மட்டும் கழற்றினாள். வெறுங்காலுக்கு மிதியடியின் சொரசொரப்பு தெரிந்துகொண்டே இருந்தால் தான் இருக்கும் இடம் மறக்காது பாருங்கள், அந்தக் கணக்குத்தான். கைக்கு வந்து நாலு நாளாக இதே கூத்து. பாலம் தாண்டும்வரை ஒழுங்காக இருக்கிறது, ஏதாவது யோசனை வந்தால் போதும், கிளம்பிவிடுகிறது. இன்றைக்கு யோசனை வராமல் சூலூர்வரை போக முடியுமா. அதுதான் சந்தேகம். சூலூரில் கொழுந்தன் கனகு இருக்கிறான். வண்டியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். சொன்னான் என்றால் அவனா சொன்னான், அவன் பெண்டாட்டி லோகநாயகி சொன்னாள்.

இந்த சீட்டு. இதைப் பற்றி மட்டும் யாராவது கேட்டால் அவளால் ஒரு மணி நேரம் சொல்ல முடியும், கேட்கத்தான் ஆளில்லை. மெல்பர்னில் இருக்கும் மகள் கேட்டது, "என்ன கலரும்மா?" என்பதோடு சரி. கலர் பச்சை, வாழையிலையின் பின்பக்கத்துப் பச்சை, வெயிலில் ஒன்று நிழலில் ஒன்று. ஆனால் கலரா விஷயம். ஷோரூம் பையன் கதவருகில் குந்தி உட்கார்ந்து, மேடம் இந்தப் பட்டனை அமுக்குங்க, முன்னாடி வரும், இதை அமுக்குங்க, மேல வரும் என்று சொல்லச் சொல்ல சீட்டு முனகிக்கொண்டே அவளைத் தூக்கி முன்னால் கொண்டுபோய், முதுகைப் பிடித்து, தொடைக்கு அடியில் கை கொடுத்து, சாலையைக் காட்டியது. போனட்டுக்கு முன்னால் தரை இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதா என்று அன்றைக்குத்தான் பார்த்தாள். பழைய சிவப்பு வண்டியில் அவளுக்குத் தெரிந்தது ஸ்டீயரிங் வளையத்தின் உள்பக்கமும் அதன் வழியாகக் கொஞ்சம் ஆகாயமும். புருஷன் திருமூர்த்தி ஆறடிக்கு மேல். அவர் உட்கார்ந்து பழகிய இடத்திலேயே சீட்டு நின்றிருந்தது. அவர் காலமாகி நாலு வருஷத்தில் அதை ஒரு பல் முன்னால் தள்ளவில்லை அவள். அடியில் ஒரு தலையணை, முதுகுக்கு ஒரு தலையணை, கிளட்சை முழுசாக மிதிக்க இடுப்பையே கீழே இறக்கி ஒரு எத்து எத்த வேண்டும். கேட்பவர்களிடம் சீட்டுத் தண்டவாளம் துருப்பிடித்துவிட்டது, நகராது என்று சொல்லி வைத்திருந்தாள். வண்டியின் ஒவ்வொரு திருகையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் கனகுவுக்குத் தெரியாமலா இருக்கும். அவன் கேட்டதில்லை. இரண்டு கதவு, இரண்டு ஆள், முகப்பு விளக்குகள் இமைக்குள்ளிருந்து எழுந்து வரும், அதில் ஒன்று எழ மனசில்லாமல் அரை நிமிஷம் கழித்து எழும். கொச்சி டாக்டர் ஒருவரிடமிருந்து திருமூர்த்தி வாங்கி வந்தபோது தெருவே வந்து பார்த்தது. அழகான வண்டி. யார் இல்லையென்றார்கள். ஆனால் அதில் போய் இறங்கும்போது இவளுக்கு முதுகு நனைந்திருக்கும், இடது முழங்கால் நடுங்கிக்கொண்டிருக்கும், இன்றைக்கும் வழியில் நிற்காமல் வந்து சேர்ந்துவிட்டோம் என்று வீட்டுக்குள் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால்தான் உயிர் வரும். இந்தப் புதுசில் என்னவென்றால் இறங்கவே மனசு வருவதில்லை. நேற்று வீட்டுக்கு வந்தும் ஷெட்டுக்குள் வண்டியை நிறுத்திவிட்டு ஏசி காற்றில் சும்மா உட்கார்ந்திருந்தாள். மாடியில் குடியிருக்கும் வாத்தியாரம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, கதவு தொறக்கலீங்ளா?" என்று பதறிவிட்டார். திறக்குதுங்க, திறந்து வெளியே வரத்தான் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது. சீட்டு தன் இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள மூன்று நம்பர் பட்டன் இருக்கிறது. ஷோரூம் பையன் ஒன்றாம் நம்பரில் அவளைப் பதிந்துவிட்டு, "ரெண்டாம் நம்பர் சாருக்கு வெச்சுக்கலாம் மேடம்" என்றான். இவள் சரி என்று தலையாட்டினாள். எதற்கு அந்தப் பிள்ளையைச் சங்கடப்படுத்துவது. வெளியே வந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. சார் என்ற வார்த்தை கேட்டதும் வழக்கமாக எழுந்து போய்விடத் தோன்றும். அன்றைக்குத் தோன்றவில்லை. அப்போது அவளுடைய முதுகு, கை எல்லாமே அந்த சீட்டின் அணைப்பில் இருந்தது. அது தப்பா. தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது, ஆனால் யாரிடமாவது கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டால் தேவலை. கேட்கக்கூடிய ஒரே ஆள் மூன்று ஞாயிறாக வரவில்லை.

ஞாயிறு பத்து மணிக்குக் கனகுவின் மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்கும். சூலூரில் சொந்தமாக லேத்துப் பட்டறை வைத்திருக்கிறவன், ஆறு நாளும் இரும்பு, ஏழாம் நாள் இங்கே வந்து அண்ணன் வண்டியின் இரும்பு. திருமூர்த்தி இருந்தபோதும் வந்தான், போன பிறகும் ஒரு ஞாயிறு விடாமல் வந்தான். வந்ததும், "என்னங் அண்ணி, என்ன சொல்றான் பெரியவன்?" என்று வண்டியைத்தான் விசாரிப்பான். வண்டிக்கா குறை, வாரம் ஒன்று வைத்திருக்கும். பேட்டரி இறங்கியிருக்கும், ரேடியேட்டர் ஒழுகியிருக்கும், ஒன்றும் இல்லாவிட்டால் அந்தச் சோம்பேறி விளக்கு இருக்கவே இருக்கிறது. போனட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டானானால் பத்தாம் நம்பர் ஸ்பானர் எஞ்சினுக்குள் விழுந்து காணாமல் போகும், அதைத் தேடுவது தனி வேலை, தேடுகிற நேரத்தில்தான் அவன் பேசுவான். எப்போதும் பேசாதவன் போனட்டுக்குள் முகம் போனால் பேசுவான். சின்ன வயசில் அண்ணன் அவனைச் சைக்கிள் பாரில் வைத்து சிறுவாணித் தண்ணி டேங்க் வரைக்கும் மிதித்துக்கொண்டு போனதை, அண்ணன் கோபத்தில் ரேடியோவை உடைத்துவிட்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஒட்டவைத்ததை, ஆஸ்பத்திரியில் கடைசி நாள் சாயங்காலம், டயருக்குக் காத்து பாத்தியாடா என்று கேட்டதை. எல்லாம் எஞ்சினைப் பார்த்துச் சொல்வான். இவள் டீ டம்ளரோடு பக்கத்தில் நின்று கேட்பாள், சில சமயம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டார்ச் அடிப்பாள். முகத்தைப் பார்த்துப் பேசியிருந்தால் இரண்டு பேராலும் முடிந்திருக்காது. அப்புறம் கோழிக் குழம்பு, அப்புறம் திண்ணையில் காற்று வாங்கியபடி அவன் ஒரு அரைத் தூக்கம், அப்புறம் மொபெட். இந்த வண்டியை ஷோரூமில் பார்த்தபோது இவளுக்கு இதெல்லாம் ஞாபகமே வரவில்லை என்பதுதான் வேடிக்கை. திருச்சி ரோட்டில் மத்தியான வெயிலில் மூன்றாவது தடவையாகச் சிவப்பு வண்டி நின்றுபோய், தள்ளிவிட்ட காலேஜ் பையன்கள், "ஆன்ட்டி, இத மியூசியத்துல குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு ஒரே ஒரு யோசனைதான் இருந்தது. யாரையும் கூப்பிடாமல் நானே கிளம்பி நானே போய் நானே திரும்பி வருகிற வண்டி ஒன்று வேண்டும். கிடைத்தது. புதுசு கைக்கு வர மூன்று வாரம் ஆகுமென்றார்கள், பழசை அன்றைக்கே எக்ஸ்சேஞ்சில் விட்டாள். அப்புறம்தான் ஃபோன் பண்ணினாள். "கனகு, வண்டிய மாத்தீட்டேன்." அந்தப் பக்கம் லேத் ஓடுகிற சத்தம். அது நின்றது. "சரீங் அண்ணி. நல்லதுங்." அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை. எனக்குக் குடுத்திருக்கலாமே என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை, கேட்க மாட்டான் என்று தெரியும், அவன் வீட்டுச் சந்தில் அதை நிறுத்த இடமும் கிடையாது. கேட்டுவிட்டு விற்றிருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பான், இவள் வாங்கியிருக்க மாட்டாள், இந்த சீட்டு, இந்தக் காற்று, இந்தப் பச்சை எதுவும் இல்லை. அதனால்தான் கேட்கவில்லையோ. சிங்காநல்லூர் சிக்னல். காலே, இருக்கிற இடத்தில் இரு. இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஸ்ஸும் ஹாரனும் வெயிலும் வாயை வாயை அசைக்க, உள்ளே தன் மூச்சு தனக்குக் கேட்டது. எதிரே சின்னத் திரையில் நாலு டயருக்கும் காற்று சரி என்று பச்சையாக எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் மனசு சுருக்கென்றது. கனகு டயரைக் காலால் தட்டிப் பார்த்தே ரெண்டு கம்மி என்று சொல்வான். ஆயில் எவ்வளவு என்று வண்டி சொல்கிறது, பேட்டரி எப்படி என்று வண்டி சொல்கிறது, அடுத்த சர்வீஸ் என்றைக்கு என்று வண்டியே சொல்லி, வண்டியே கம்பெனிக்கும் சொல்லிவிடுமாம். அவன் வேலையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அதுவே பார்த்துக்கொண்டால், அவன் எதற்கு வருவான். சும்மா வா, வந்து சாப்பிடு என்று கூப்பிடலாம். கூப்பிட்டால் ஒரு ஞாயிறு வருவான், மரியாதைக்கு. கையில் வேலையில்லாமல் சோபாவில் நுனியில் உட்கார்ந்து ஃபேனைப் பார்ப்பான். அடுத்த ஞாயிறு லோகநாயகியின் தங்கை வீட்டு விசேஷம் என்பான். அதோடு முடிந்தது. நாம் இன்றைக்கு ஓட்டிக்கொண்டு போவது வண்டியையா, இனிமேல் நீ வர வேண்டியதில்லை என்ற சேதியையா.

ஒண்டிப்புதூருக்கு முன்னால் ஒரு வேகத்தடை. அவள் கை தானாக ஸ்டீயரிங்கை ஒடித்து வண்டியைச் சாய்வாக, நண்டு போவதைப் போலக் கொண்டுபோனது, முதலில் வலது முன்சக்கரம், அப்புறம் இடது, அப்புறம் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டால் நடுவயிறு தட்டாமல் தாண்டிவிடும். நேராகப் போனால் சிவப்பு வண்டி அடியில் கரகரவென்று இழுபடும், அந்தச் சத்தம் வயிற்றைக் கிழிக்கிற சத்தம், அதற்குப் பயந்து கோயமுத்தூரில் இருக்கிற ஒவ்வொரு வேகத்தடையும் எத்தனை உயரம் என்று அவளுக்கு மனப்பாடம். பின்னாலிருந்த கார்க்காரன் ஹாரன் அடித்தான். அப்போதுதான் ஞாபகம் வந்தது, இதற்கு மூக்கைத் தூக்கும் பட்டன் இருக்கிறது, அமுக்கினால் வண்டி முன்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்திக்கொண்டு சேலையைத் தூக்கிப் பிடித்துச் சேற்றைத் தாண்டுகிற மாதிரி தாண்டிவிடும். அடுத்த தடைக்கு அமுக்கினாள். தூக்கியது. நேராகப் போனாள். ஒன்றும் தட்டவில்லை. மூச்சை மட்டும் பழக்கத்தில் இழுத்துப் பிடித்திருந்தாள், அதை விட்டாள். அந்த மூச்சு வெளியே வந்தபோது கூடவே என்னவோ போனது போலிருந்தது, பாரமா, பாதுகாப்பா, தெரியவில்லை. கலியாணமான புதுசில் திருமூர்த்தி ஞாயிற்றுக்கிழமை கார் ரேலிக்கெல்லாம் போவார், அவர் ஓட்டுவார், இவள் பக்கத்தில் மடியில் வழித்தாளும் கையில் ஸ்டாப்வாட்சுமாக, இன்னும் கொஞ்ச தூரத்துல எடது, ஆலமரம் தாண்டி வலது, இப்ப வேகம் ஜாஸ்தி, கொறைங்க என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பெண்டாட்டிகளுக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை. ஒருத்தி தாளிலிருந்து கண்ணை எடுத்து ஜன்னலைப் பார்த்தால் ஜோடியே வழிதவறிப் போகும். பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் என்று அத்தனை ரோட்டிலும் போயிருக்கிறாள், தாளைத் தவிர எதையும் பார்த்ததில்லை. குறை என்று சொல்லவில்லை, அவர் ஜெயித்தால் கோப்பையை இவள் கையில்தான் கொடுப்பார், ஃபோட்டோவில் இவளைத்தான் முன்னால் நிறுத்துவார். ஆனால் ரோடு என்றால் இவ்வளவு இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. ஒண்டிப்புதூர் தாண்டி ரோடு காலியாக நீண்டது. வலது காலைக் கொஞ்சம் இறக்கினாள். முதுகுக்குப் பின்னால் எங்கேயோ, தூங்கிக்கொண்டிருந்த ஒன்று தொண்டையைச் செருமியது. இன்னும் கொஞ்சம். செருமல் ஒரே சீரான உறுமலாகி முதுகெலும்பு வழியாக ஏறிக் காதுக்குப் பின்னால் வந்து நின்றது. சிவப்பு வண்டி இந்த வேகத்தில் கதவு, கண்ணாடி, பல் எல்லாம் ஆடும், கூடவே இவள் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு வருவாள். இது ஆடவில்லை. வளைவு வந்தது, கையைத் திருப்பினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அங்கே என்று நினைத்தாள், வண்டி அங்கே இருந்தது. யாருக்கும் வழி சொல்லிக்கொண்டிராமல் நினைத்த இடத்துக்கு நினைத்த மாத்திரத்தில் போவது என்பது இவ்வளவு சின்ன விஷயமா. ஐம்பத்தைந்து வயசில் ஒரு வளைவைத் திரும்பியதற்காகக் கண் கலங்குமா ஒரு பொம்பளைக்கு. கலங்கியது, பயத்தால் இல்லை. பயம் கலங்கலுக்குப் பின்னால் வந்தது, இந்தச் சந்தோஷத்தோடேயே கனகு முன்னால் போய் இறங்கப் போகிறோமே என்று. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தாள். சந்தோஷம் அப்படியே இருந்தது, துடைத்தால் போகிற ஜாதியில்லை அது.

பட்டறை வாசலில் நிழலாகப் பார்த்து நிறுத்தி இடது செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்குவதற்குள் லோகநாயகி வந்துவிட்டாள். "வாங்க்கா. என்னுங்க இது, வண்டிலேருந்து எறங்கறீங்ளா, கெணத்துலேருந்து ஏர்றீங்ளா?" என்று கை கொடுத்துத் தூக்கினாள். கனகு பட்டறைக்குள்ளிருந்து கழிவுத்துணியில் கை துடைத்தபடி வந்தான். கை சுத்தமாகத்தான் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை அல்லவா, ஆனாலும் துடைத்துக்கொண்டே வந்தான். அண்ணி என்று தலையாட்டினான், அவளைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தான். ஒரு சுற்று வந்தான். பின்சக்கரத்தைக் காலால் தட்டினான். தட்டிய கால் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. "எப்புடீங் இருக்குது?" "பரவால்ல கனகு." "பரவால்லயாமா" என்றாள் லோகநாயகி. "அக்கா மொகத்தப் பாத்தா அப்புடித் தெரியல. புதுசாப் பொண்ணு பாத்துட்டுப் போன புள்ளையாட்ட இருக்குது." "நீ போயி மோர் கொண்டா" என்றான் கனகு. அவள் போகிறபோதே, "ஆமா, நான் போனா ரெண்டு பேரும் பேசிக் கிழிச்சுருவீங்" என்று சொல்லிக்கொண்டே போனாள். கனகு முன்மூடியின் விளிம்பைத் துணியால் ஒரு தடவை தடவினான். "தொறக்கலாமுங்ளா?" என்றான். இவள் பட்டனை அமுக்கினாள். முன்மூடி எழுந்தது. உள்ளே சுத்தமாகத் துடைத்துவைத்த அண்டா மாதிரி ஒரு வெறும் பள்ளம், சாமான் வைக்க. அவனுக்குத் தெரியும் எஞ்சின் அங்கே இருக்காது என்று, புத்தகத்தில் படித்திருப்பான், இருந்தாலும் குனிந்து உள்ளே பார்த்தான், பழக்கத்தில் தலை உள்ளே போனது, போய் என்ன, மறைக்க ஒன்றுமில்லை, வெயில் நேராக முகத்தில் அடித்தது. பின்மூடியைத் திறந்தாள். அங்கேயும் ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் இரண்டே இரண்டு மூடிகள், ஒன்று ஆயிலுக்கு, ஒன்று தண்ணிக்கு. எஞ்சின் நடுவில், சீட்டுக்குப் பின்னால், கம்பெனிக்காரன் தவிர யாரும் தொட முடியாத இடத்தில். கனகு ஒரு மூடியைத் திருகித் திறந்தான். பார்த்தான். திருகி மூடினான். கழிவுத்துணியால் அதைத் துடைத்தான். அப்புறம் அவன் கை இரண்டும் அப்படியே தொங்கின. இரும்பில்லாமல் அந்தக் கைகளை இவள் பார்த்ததே இல்லை, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தடவை தவிர. ஏன் மாற்றினேன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது, சொன்னால், சரீங் அண்ணி, நல்லதுங் என்பான். "ஏறு கனகு, கொளத்தச் சுத்தி ஒரு ரவுண்டு போலாம்" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்தான். துணியை மடித்து முழங்காலின் மேலே வைத்துக்கொண்டான், சீட்டில் அழுக்குப் படக்கூடாதென்று. குளத்துக்கரை ரோட்டில் அவள் மெதுவாகப் போனாள், வேகமாகப் போனால் சந்தோஷம் தெரிந்துவிடும். தண்ணீர் கொஞ்சமாக இருந்தது, கொக்குகள் இருந்தன. அவன் கையைக் கதவில், டேஷ்போர்டில், ஏசி வருகிற இடத்தில் வைத்து வைத்துப் பார்த்தான், எது ஆடுகிறது என்று தேடுகிற கை. எதுவும் ஆடவில்லை. வண்டிக்குள் மூடிய பானைக்குள் இருப்பதுபோல் அமைதி. இவ்வளவு அமைதியை நாலு நாளாக வரம் என்று நினைத்திருந்தாள், இப்போது அது இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது. கரை வளைகிற இடத்தில் அவன் சொன்னான், "நல்ல வண்டிங் அண்ணி. ஒண்ணும் வேல வெக்காதுங்." மனசாரத்தான் சொன்னான், குரலில் குத்தல் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அடுத்த வீட்டுக்காரர் எடுத்த பட்டுப்புடவை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு விடைபெறுகிறவனின் குரல். இடது கால் எழுந்தது, அதற்கும் ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது பாவம், இருக்கிற இடத்தில் இரு என்றாள். இரண்டு ஃபர்லாங் போனார்கள். இன்னும் கொஞ்சத்தில் பட்டறை வந்துவிடும், மோர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான், ஞாயிற்றுக்கிழமை என்பது இனிமேல் வெறும் விடுமுறை. என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது, வாய் சொன்னது. "கனகு, பின்னால எடது பக்கம் ஒரு சத்தம் வருது. உனக்குக் கேக்குதா?"

அவன் தலையைச் சாய்த்தான். ஏசியை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினாள். கண்ணை மூடிக் கேட்டான். ஒரு சத்தமும் இல்லை, இல்லையென்று அவளுக்குத் தெரியும், டயர் தார் ரோட்டில் உருளுகிற மெல்லிய இழைப்பைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. ஏன் சொன்னேன், கம்பெனி வண்டியில் இல்லாத சத்தத்தை இருக்கிறது என்று சொல்லி, அதுவும் யாரிடம், ஓடுகிற லேத்தில் ஒரு மயிரிழை வித்தியாசத்தைக் காதால் பிடிப்பவனிடம். முகம் சுட்டது. "எப்பொ வருதுங்?" என்றான் கண்ணைத் திறக்காமல். "எப்பவும் வராது. அப்பப்ப." "திரும்பறப்பவா, நேராப் போறப்பவா?" "ரெண்டுலயும்." "ம்." கண்ணாடியை இறக்கச் சொன்னான். வண்டியைக் கரையோர வேப்பமரம்வரை திருப்பிக்கொண்டு போய் மறுபடி வரச் சொன்னான். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பின்சக்கரத்தைப் பார்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டு வந்தான், காற்றில் அவன் நரைமுடி எழுந்து நின்றது. குளத்தில் துணி அலசிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். மரம்வரை போய் வந்தார்கள். இன்னொருக்காங் என்றான். போய் வந்தார்கள். அப்புறம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணாடியைத் தானே ஏற்றிவிட்டு, துணியை எடுத்துக் கையை நன்றாகத் துடைத்தான். அவள் ரோட்டைப் பார்த்தே ஓட்டினாள்.

"ஆமாங் அண்ணி" என்றான். "லேசா இருக்குது."

அவள் ஏசியை மறுபடி போட்டாள்.

"கம்பெனிக்காரன்ட்டக் காட்டுனா ஒண்ணுமில்லைம்பான். அவனுக்கெல்லாம் கேக்காது. இது ஒரு நாள்ல புடிக்கற சத்தமில்லீங். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து, ஓட்டி ஓட்டிப் பாத்தாத்தான் ஆகும்."

"எத்தன நாளாகும்?"

"அது சொல்ல முடியாதுங்."

பட்டறை வாசலில் லோகநாயகி மோர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தது தெரிந்தது.

"அவசரமில்ல" என்றாள் அம்சவேணி.